வண்டி, கிடை, மூட்டை: கம்பம் பள்ளத்தாக்கில் எருக்கூலியின் வரலாறு

கம்பம் பள்ளத்தாக்கின் வரலாற்றை எழுதுகிறவர்கள் தண்ணீரில்தான் தொடங்குவார்கள். தொடங்கத்தான் வேண்டும். கர்னல் பென்னிகுக் கட்டிய பெரியாறு அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி நம் பக்கம் இறங்கியது. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது: உத்தமபாளையம் வட்டத்தில் 11,807 ஏக்கர், தேனி வட்டத்தில் 2,412 ஏக்கர், போடி வட்டத்தில் 488 ஏக்கர். அந்த நன்றியில்தான் ஜனவரி 15-இல் பென்னிகுக் பிறந்த நாளுக்குப் பொங்கல் வைக்கிறோம்.

எருவைப் பற்றி நாம் அப்படிப் பேசுவதில்லை. தண்ணீர் தானாக இறங்கி வந்துவிடும். மடையைத் திறந்தால் போதும். எரு தானாக வராது. யாராவது சுமந்து வரவேண்டும், வயலில் கொட்டவேண்டும், சீராகப் பரப்பவேண்டும். அதைச் சொந்தமாகச் செய்ய மாடும் ஆளும் இருந்தவர்கள் செய்துகொண்டார்கள். மற்றவர்கள் கூலி கொடுத்துச் செய்வித்தார்கள். அந்தக் கூலியின் வரலாறுதான் இந்தக் கட்டுரை.

மலர்க்குழுவினர் இந்தத் தலைப்பை என்னிடம் ஒப்படைத்ததற்குக் காரணம் உண்டு. பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு ஊருக்குத் திரும்பி, ஒரு டிராக்டரும் ஒரு டிரைலருமாக எரு, கரம்பை, உரம் அடித்துக் கொடுக்கும் கான்ட்ராக்ட் தொழிலில் இறங்கியவன் நான். "வரலாறு படிச்சவன் குப்பை அள்ளுறான்" என்று வகுப்புத் தோழர்கள் கேலி செய்தார்கள். அவர்களில் பலர் இந்த மலரையும் புரட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: குப்பைக்குள்ளேயும் வரலாறு இருக்கிறதப்பா!

இத்தனை வருஷத் தொழிலில் நான் கண்டுகொண்டது ஒன்றே ஒன்று. எதை அளந்து கூலி கொடுக்கிறோமோ, அதுதான் வயலுக்கு வந்து சேரும். வண்டியை அளந்தால் வண்டி வரும். மூட்டையை அளந்தால் மூட்டை வரும். மண்ணுக்கு வேண்டியது வந்ததா என்பது வேறு கேள்வி.

இருபோகத்தின் கடன் கணக்கு

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு டன் நெல் விளைய, பயிர் மண்ணிலிருந்து சுமார் 15 முதல் 20 கிலோ தழைச்சத்து எடுத்துக்கொள்கிறது. ஏக்கருக்கு ஒரு போகத்தில் இரண்டரை டன் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு போகத்துக்கு ஐந்து டன். அப்படியானால் வருஷத்துக்கு ஏக்கருக்கு 75 முதல் 100 கிலோ தழைச்சத்து பயிருக்குள் போகிறது. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் தனி. நெல் மண்டிக்குப் போகிறது, வைக்கோல் மாட்டுக்குப் போகிறது. திரும்பி வருவது எவ்வளவு?

தொழு உரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு அரை பங்குதான். அந்த 75 கிலோவைத் தொழு உரமாகவே ஈடுகட்ட நினைத்தால் ஏக்கருக்கு 15 டன் வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெல்லுக்குச் சிபாரிசு செய்வது ஒரு பயிருக்கு ஹெக்டேருக்கு 12.5 டன், அதாவது ஏக்கருக்கு 5 டன். ஒரு மாட்டு வண்டி அரை டன் சுமக்கும் என்றால் அது 10 வண்டி. 14,707 ஏக்கருக்கும் இப்படி ஒரு முறை அடிக்க வேண்டுமென்றால் ஒன்றே கால் லட்சம் வண்டி தாண்டும், ஒன்றரை லட்சத்தைத் தொடும்.

ஒரு போகம் விளைந்த நிலம் மீதிக் காலம் சும்மா கிடந்து, கொழிஞ்சி முளைத்து, ஆடு மாடு மேய்ந்து தன்னைத் தேற்றிக்கொள்ளும். இருபோக நிலத்துக்கு அந்த ஓய்வு இல்லை. தண்ணீர் பெருகியபோதே எருவின் தேவையும் பெருகிவிட்டது. உழுவதைக் காட்டிலும் எரு இடுவது மேல் என்று வள்ளுவர் வைத்த வரிசை நமக்கு மனப்பாடம். அதன் செலவு, வண்டிக் கணக்குப் போட்டவனுக்குத்தான் தெரியும்.

வண்டிக் குப்பை

மாட்டு வண்டிக் காலத்தில் எருவுக்கு அளவு வண்டி. தட்டி கட்டிய வண்டியில் குப்பையை ஏற்றி, வயலில் சம தூரத்துக்கு ஒரு குவியலாகக் கொட்டி, பிறகு ஆள் விட்டுச் சிதறி, அன்றைக்கே உழுதுவிட வேண்டும். வெயிலில் காயப் போட்டால் தழைச்சத்து காற்றோடு போய்விடும். வண்டிக்கு இத்தனை கூலி, சிதறுவதற்கு இத்தனை கூலி என்று பேச்சு. கூலி வண்டிக்கு என்றால் வண்டி நிறைந்திருந்தால் போதும். உள்ளே மக்கிய எருவா, பாதி மண்ணா, நேற்றுப் பெய்த மழையின் ஈரமா என்பதை வண்டி சொல்லாது. இரண்டு கை அள்ளிப் பிசைந்து மோந்து பார்க்கிற பெரியவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். அவர்கள்தான் அன்றைய மண் பரிசோதனை நிலையம்.

குப்பையோடு தழையும் வந்தது. மலையடிவாரத்திலிருந்து கட்டுக்கட்டாக வெட்டி வந்து நடவுக்கு முன் சேற்றில் மிதிப்பார்கள். புங்கு, வேம்பு, ஆவாரை, எருக்கு எல்லாம் போகும். 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காடுகள் ஒதுக்குக் காடுகளாக அறிவிக்கப்பட, தழைக்கும் மேய்ச்சலுக்கும் அனுமதியும் கட்டணமும் நுழைந்தன.

இந்த இடத்தில் ஒரு வெள்ளைக்காரரின் பெயரைச் சொல்லவேண்டும். ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற வேளாண் வேதியியல் நிபுணரை 1889-இல் அரசாங்கம் இந்தியாவுக்கு அனுப்பியது. நாடு முழுதும் சுற்றிவிட்டு 1893-இல் அவர் அறிக்கை வெளியிட்டார். இந்திய விவசாயி அறியாதவன் என்ற பேச்சை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. எரு எரிபொருளாகப் போவதைத்தான் பெரிய குறையாகக் கண்டார். விறகு கிடைக்காததால் சாணம் வரட்டியாகிறது. ஆகவே விறகுக்கும் தீவனத்துக்கும் காடு வளர்த்துக் கொடுங்கள், சாணம் வயலுக்குப் போகும் என்பது அவர் யோசனை. வயலின் வளம் காட்டில் தொடங்குகிறது என்பதை 130 வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்துவிட்டுப் போனார்.

கிடை

வண்டியில் ஏற்றாமல், சிதற ஆள் வைக்காமல், எருவைத் தானே நடந்து வரச் செய்யும் ஏற்பாடு ஒன்று உண்டு. அதுதான் கிடை. நெல் அறுத்த வயலில் ராத்திரிக்கு ஆட்டு மந்தையை அடைத்து வைப்பது. ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து மந்தையோடு புறப்படும் கீதாரிகள் ஊர் ஊராகக் கிடை மறித்துக்கொண்டே போவார்கள். பகலில் மேய்ச்சல், ராத்திரி பேசிவைத்த வயலில் கிடை. குட்டிகளுக்குக் கூடாப்பு, நாய் காவல், அரிக்கேன் வெளிச்சம். இப்போது மூங்கில் தட்டிக்குப் பதில் நைலான் வலை, அரிக்கேனுக்குப் பதில் டார்ச்.

தொழில்காரன் கண்ணால் பார்த்தால் இது ஒரு முழுமையான உர ஒப்பந்தம். எத்தனை உருப்படி, எத்தனை ராத்திரி, எந்த வயல், ஆட்களுக்குச் சாப்பாடு யார் பொறுப்பு, பக்கத்து வெள்ளாமையில் ஆடு வாய் வைத்தால் யார் பதில் சொல்வது என்று எல்லாம் வாய்ப்பேச்சிலேயே முடியும். முன்பு கூலி நெல்லாக, பிறகு பணமாக. ஒவ்வொரு ராத்திரியும் கிடையைப் பக்கத்து இடத்துக்கு நகர்த்துவார்கள். கடைசி ராத்திரி முடியும்போது வயல் முழுக்க எரு பரவியிருக்கும். எந்த யந்திரமும் இவ்வளவு சீராகப் போட்டு நான் பார்த்ததில்லை.

இதில் இன்னொரு நயம் இருக்கிறது. ஆட்டு எருவில் தழைச்சத்து நூற்றுக்கு 3, மணிச்சத்து 1, சாம்பல்சத்து 2 என்று வேளாண்மைப் பாடத்தில் சொல்வார்கள். தொழு உரத்தைப் போல ஆறு மடங்கு தழைச்சத்து. கொட்டத்தில் கூட்டி அள்ளும்போது மூத்திரம் தரையோடு போய்விடுகிறது. கிடையில் அது நேரே மண்ணுக்குள் இறங்குகிறது. "ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்" என்று பழமொழி. கிடை மறித்த வயலும் மறிக்காத வயலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வரப்பில் நின்றே சொல்லிவிடலாம். மறித்த பக்கம் பயிர் கருகரு என்று நிற்கும். கிடை எந்த இடத்தில் விட்டுப்போனது என்பதுகூடப் பயிரில் கோடு போட்ட மாதிரி தெரியும்.

நம் பள்ளத்தாக்குக்கே உரிய இன்னொரு கிடை, மலைமாட்டுக் கிடை. மேற்குத் தொடர்ச்சி மலையில் மேய்ந்து வளர்ந்த நாட்டு மாடுகள் அவை. பால் குறைவு, எருவுக்கென்றே வைத்திருந்த மந்தை என்று சொன்னாலும் தகும். கம்பத்தில் நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத் தொழுவையும் அதன் பட்டத்துக் காளையையும் அறியாதவர் நம்மில் யார்? 1906-இல் வெளிவந்த டபிள்யூ. பிரான்சிஸின் மதுரை மாவட்ட கெஜட்டியரில் கம்பத்து மாட்டு மந்தையைப் பற்றிய குறிப்பு உண்டு. அந்த மாடுகள் காட்டில் தின்றதைத்தான் ராத்திரி வயலில் போட்டன. மலையின் வளம் நான்கு காலில் நடந்து நஞ்சைக்கு இறங்கியது.

எருவை விலை பேசுவது நமக்கு மட்டும் உரிய வழக்கமில்லை. எஃப். எச். கிங் என்ற அமெரிக்கப் பேராசிரியர் சீனா, கொரியா, ஜப்பான் சுற்றிவிட்டு எழுதிய புத்தகம் 1911-இல் வெளிவந்தது. ஷாங்காயின் அயல்நாட்டார் பகுதியில் வீடு வீடாக மனிதக் கழிவை அள்ளிப்போகும் உரிமையை 1908-இல் ஒரு சீன ஒப்பந்ததாரர் 31,000 டாலருக்கு மேல் கொடுத்து எடுத்ததாக அதில் எழுதியிருக்கிறார். அள்ளுவதற்குக் கூலி வாங்கவில்லை, அள்ள விடுவதற்கு இவர் பணம் கட்டினார்! அந்த வருஷம் 78,000 டன். எருவுக்கு மதிப்பிருந்த ஊரில் கணக்கு இப்படித்தான் இருக்கும்.

மூட்டை

அடுத்து வந்தது மூட்டை. ராணிப்பேட்டையில் பாரி கம்பெனி 1906-இலேயே சூப்பர் பாஸ்பேட் ஆலை தொடங்கிவிட்டது. இந்தியாவின் முதல் ரசாயன உர ஆலை அது. காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்து அம்மோனியாவாக்கும் வித்தையை ஜெர்மனியில் ஹேபர் 1909-இல் செய்து காட்டினார். 1913-இல் அது ஆலைத் தொழிலாயிற்று. மலைக்கு அந்தப் பக்கம் ஆலுவா அருகே ஃபேக்ட் ஆலையில் 1947-இல் அம்மோனியம் சல்பேட் உற்பத்தி தொடங்கியது. அதற்கு வேண்டிய வாயுவை ஆரம்பத்தில் விறகிலிருந்து எடுத்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. சாணத்தைக் காப்பாற்ற விறகு வேண்டும் என்றார் வோல்க்கர். சாணத்துக்குப் பதிலான உரத்துக்கும் முதலில் விறகுதான் எரிந்தது! 1951-இல் சிந்திரி, 1971-இல் மணலி, 1975-இல் தூத்துக்குடி ஸ்பிக் என்று ஆலைகள் பெருகின.

உரம் மட்டும் வந்திருந்தால் பாதிக் கதைதான். உரத்தைத் தாங்கும் நெல்லும் வந்தது. பழைய நெட்டை ரகங்களுக்கு உரம் அதிகமானால் சாய்ந்துவிடும். 1966-இல் பிலிப்பைன்ஸ் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர்.8 குட்டை ரகம், உரம் போடப்போட நிமிர்ந்து நின்று விளைந்தது. அதன் பிறகு கொழிஞ்சி மிதிக்கவும் கிடைக்குக் காத்திருக்கவும் யாருக்குப் பொறுமை? அறுப்புக்கும் அடுத்த நடவுக்கும் நடுவே கிடைக்கிற இடைவெளியோ சில வாரம்.

மூட்டையோடு ஒரு புதிய கூலியும் பிறந்தது: உரம் வீசுகிற கூலி. பார்ப்பதற்குச் சின்ன வேலை. வரப்பில் நின்று பாருங்கள், தெரியும். வயலில் தண்ணீரை வடித்துச் சேறும் சகதியுமாக வைத்துக்கொண்டு வீச வேண்டும். பனி ஈரத்தில் வீசினால் இலையில் ஒட்டிக் கருகும். நடையும் கைவீச்சும் ஒரே தாளத்தில் இருக்க வேண்டும். கை தவறினால் பயிர் திட்டுத்திட்டாக, ஓரிடம் கரும்பச்சை, ஓரிடம் மஞ்சள். யூரியா, ஜிப்சம், வேப்பம்பிண்ணாக்கு மூன்றையும் 5:4:1 என்ற விகிதத்தில் கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து வீசினால் சத்து மெதுவாக இறங்கும். துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து நடவுக்கு முன் மேலாகத் தூவ வேண்டும். ஏக்கருக்கு 10 கிலோ. ஜிப்சம் ஏக்கருக்கு 200 கிலோ. ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை, ஒரு நேரம்.

நம் வயல்களின் அளவுக்கு டிராக்டரில் பூட்டும் உரம் வீசும் கருவி ஒத்துவரவில்லை. அரை ஏக்கர், கால் ஏக்கர், நடுவே வரப்பு, கீழே சேறு. ஆகவே கைதான் கருவி. கூலி மூட்டைக்கு இத்தனை என்று ஆயிற்று. மூட்டைக்குக் கூலி என்றால் சீக்கிரம் காலி செய்கிறவனுக்கு லாபம். "அண்ணே, மதியத்துக்குள்ள முடிச்சுட்டோம்" என்று ஆட்கள் பெருமையாகச் சொல்வார்கள். வீச்சு சீராக இருந்ததா என்பது பத்து நாள் கழித்துப் பயிர் சொல்லும். அதற்குள் கூலி பட்டுவாடா ஆகியிருக்கும்.

மூட்டையின் விலையும் வயலின் கணக்கை மாற்றியது. 1992 ஆகஸ்டில் மத்திய அரசு மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. அவற்றின் விலை ஏறியது, யூரியா மட்டும் கட்டுப்பாட்டில் நின்றது. 2010-இல் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோதும் யூரியா அதற்கு வெளியேதான். 45 கிலோ யூரியா மூட்டை வரியும் வேம்புப் பூச்சுச் செலவும் நீங்கலாக 242 ரூபாய். டி.ஏ.பி. மூட்டை பல மடங்கு விலை. விவசாயியைக் குறை சொல்லிப் பயனில்லை. மலிவாக வைத்ததை அவன் அதிகமாக வாங்கினான். எனக்கும் யூரியா வீசத்தான் அதிக அழைப்பு வந்தது.

டிராக்டர் நடை

டிராக்டரும் டிரைலரும் வந்தபின் எருக்கூலிக்கு அளவு நடை. அள்ளிப்போட ஜே.சி.பி. வந்ததும் நடையின் வேகம் கூடியது. கோழி எரு, தென்னை நார்க்கழிவு, சர்க்கரை ஆலைக் கழிவு எல்லாம் நடைக்கணக்கில் வந்தன. முக்கியமானது கண்மாய்க் கரம்பை. தண்ணீர் வற்றிய கோடையில் கண்மாய் வண்டலை வெட்டி வயலுக்கு அடிப்பது பழைய வழக்கம். குளமும் ஆழமாகும், நிலமும் தேறும். ஒரே வேலையில் இரண்டு லாபம்.

2017-இல் தமிழக அரசு விவசாயிகளுக்கு வண்டல் மண்ணைக் கட்டணமின்றி எடுக்க அனுமதித்தது. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர். டிராக்டர் கணக்கில் 25 நடை, 30 நடை. 2024-இல் விதிகளை எளிதாக்கி வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறும்படி செய்தார்கள். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் இங்கேயும் அளவு நடைதான். 25 நடை வந்ததா என்று எண்ணலாம். வந்தது மேல் வண்டலா, அடியில் கிடந்த சவுடா? மணல் பாங்கான வயலுக்கும் செம்மண் புஞ்சைக்கும் கரம்பை பொன். ஈரத்தைப் பிடித்து வைக்கும், உரத்தையும் பிடித்து வைக்கும். ஏற்கெனவே களியாக இறுகிக் கிடக்கும் நஞ்சையில் அதே கரம்பையைக் கொட்டினால் களிதான் கூடும். "பக்கத்து வயக்காரன் அடிச்சுட்டான், எனக்கும் இருவத்தஞ்சு நடை அடிச்சுரு மாப்ளே" என்று வருபவரிடம் முதலில் மண்ணைப் பார்ப்போம் மாமா என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். வேறு டிராக்டரைக் கூப்பிட்டும் போய்விடுவார். தொழிலில் இது தினசரிப் பாடு.

இனி ஏக்கர்

இப்போது டிரோன் வந்துவிட்டது. வண்டி, ராத்திரி, மூட்டை, நடை போய், கூலிக்கு அளவு ஏக்கர். பத்து நிமிஷத்துக்குள் ஒரு ஏக்கர் தெளித்து முடித்துவிடும். 2021-இல் இஃப்கோ நானோ யூரியாவை அறிமுகம் செய்தது. 2023-இல் மத்திய அரசு 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு டிரோன் வழங்கி, விவசாயிகளுக்கு வாடகைக்குத் தெளித்துக் கொடுக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. நான் டிரைலரோடு செய்த அதே தொழிலைப் பெண்கள் ஆகாயத்திலிருந்து செய்யப்போகிறார்கள். மகிழ்ச்சியாக இருக்கிறது. சேற்றில் காலை ஊன்றித் தோளில் உரக்கூடை சுமந்த பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நானோ யூரியா மூட்டைக்கு ஈடாகுமா என்பதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே விவாதம் இருக்கிறது. அது அவர்கள் பாடு. தொழில்காரனாக என் கவலை வேறு. இலையில் தெளிப்பது இலைக்கு. மண்ணுக்கு மக்கு சேர்ப்பது எது? வண்டிக் குப்பையிலும் கிடையிலும் கரம்பையிலும் சத்தோடு கூட மக்கும் வந்தது. மண்ணைப் பொலபொலப்பாக வைப்பதும், போட்ட உரத்தைப் பிடித்து வைப்பதும் அதுதான். மூட்டையில் அது இல்லை, பாட்டிலிலும் இல்லை. எந்தக் கூலியிலும் அதற்கு ஓர் அளவுகோல் இல்லாததால், அது கழன்று போனது யார் கணக்கிலும் ஏறவில்லை.

மலையேறும் எரு

கிடைக்கு வந்த சங்கடம் இரண்டு பக்கமும். ஒரு பக்கம் மேய்ச்சல். 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. அதே மாதம் உத்தரவைத் திருத்தி, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் இவற்றுக்கு என்று வரையறுத்தது. காட்டுக்கும் புலிக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மலைமாடு மலைக்குப் போகாவிட்டால், மலையின் வளம் நஞ்சைக்கு வரும் வழியும் அடைபடும். அந்தக் கணக்கையும் யாராவது போடவேண்டும்.

இன்னொரு பக்கம் விலை. மலைமாட்டு எருவுக்கு இடுக்கி ஏலத் தோட்டங்களில் நல்ல கிராக்கி. கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக எரு லாரி மேலே ஏறுகிறது. ஏலக்காய் கொடுக்கிற விலையை நெல் கொடுக்க முடியாது. பென்னிகுக் மேற்கே போன தண்ணீரைக் கிழக்கே திருப்பினார். நாம் கிழக்கே கிடந்த எருவை மேற்கே ஏற்றிக்கொண்டிருக்கிறோம். விற்கிறவர் மேல் தப்பில்லை. நெல் விவசாயி வண்டிக் கணக்கிலேயே விலை கேட்கிறார். தோட்டக்காரர் எருவின் தரம் பார்த்து வாங்குகிறார்.

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு

வேதியியல் படிக்கிறவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊரில் விற்கிற எருவில் ஒரு கிலோ எடுத்து நன்றாகக் காயவைத்து மறுபடி எடை போடுங்கள். அரைக் கிலோவாகக் குறைந்தால், அந்த விவசாயி லாரி வாடகையில் பாதியைத் தண்ணீருக்குக் கொடுத்திருக்கிறார். இதைச் சொல்ல பெரிய ஆய்வகம் வேண்டாம், ஒரு தராசு போதும். பிறகு தழைச்சத்து எவ்வளவு என்று பார்த்து, நடைக்கு இத்தனை ரூபாய் என்பதை, சத்து கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று மாற்றி எழுதிக் காட்டுங்கள். மண்வள அட்டைத் திட்டம் 2015-இல் வந்தது. அட்டை வாங்கிய வீடுகளில் அதை எடுத்துப் படித்துச் சொல்லுங்கள். இலை வண்ண அட்டையை வயலில் பிடித்து, யூரியா இப்போது வேண்டுமா வேண்டாமா என்று காட்டுங்கள். நாலு பேர் இப்படிக் கேட்கத் தொடங்கினால் என் போன்ற கான்ட்ராக்டர்கள் நாளைக்கே மாறுவோம். அளக்கிறதைத்தான் நாங்கள் கொண்டு வருவோம்.

வரலாறு படிக்கிறவர்களுக்கும் வேலை இருக்கிறது. கிடை ஒப்பந்தம் எதுவும் பத்திரத்தில் ஏறவில்லை. எத்தனை ராத்திரி, எத்தனை மரக்கால் நெல், எந்த ஊர் வயலுக்கு எந்த ஊர்க் கீதாரி என்பதெல்லாம் வயதானவர்களின் வாயில்தான் இருக்கிறது. தண்ணீரின் வரலாற்றுக்கு அணையும் கல்வெட்டும் அரசாங்கக் கோப்பும் சாட்சி. எருவின் வரலாற்றுக்கு அவர்கள் மட்டுமே சாட்சி. ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு இந்தக் கோடையிலேயே போங்கள். அடுத்த மலரில் அந்தக் கட்டுரையை எழுதுகிறவர் உங்களில் ஒருவராக இருக்கட்டும்.